பத்துக் குச்சி சாத்தே: கோழியா, ஆடா, டிக்காவா?

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நாங்கள் குடும்பமாகச் சிங்கப்பூரின் லாவ் பா சாட் உணவு மையத்துக்குப் போவோம். மாலையானால் அங்கே பூன் தாட் ஸ்திரீட்டை அடைத்துவிட்டு, சாலையிலேயே மேசை நாற்காலி போட்டுவிடுவார்கள். வரிசையாகச் சாத்தே கடைகள், அதாவது மசாலாவில் ஊறவைத்த இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுட்டுத் தரும் கடைகள். கரி அடுப்பின் புகையும், மஞ்சளும் செராய் என்ற எலுமிச்சைப் புல்லும் கலந்த வாசனையும் தூரத்திலேயே ஆளை இழுக்கும். போன முறை அப்பா வழக்கம்போல "ஆடு பத்து, கோழி பத்து" என்று சொல்ல வாயெடுத்ததும் அம்மா தடுத்தார். "உங்களுக்கு ஆடு வேண்டாங்க. கோழி மட்டும் போதும்." அப்பாவுக்கு 68 வயது. நீரிழிவு வந்து பதினான்கு ஆண்டு ஆகிறது. கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தங்கை தன் பங்குக்கு, "பேசாம தேக்காவுக்குப் போய் சிக்கன் டிக்கா சாப்பிடலாம்ப்பா, அதுலதான் எண்ணெயே கிடையாது" என்றாள்.

அன்று கோழியோடு முடிந்தது. ஆனால் அப்பாவின் முகம் வாடியதை வீடு திரும்பிய பிறகும் என்னால் மறக்க முடியவில்லை. எஸ்பிளனேடு பக்கம் இருந்த சாத்தே கிளப்பில் இளமைக் காலத்தில் நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். 1995இல் அது மூடப்பட்டதை இன்றும் வருத்தத்தோடு சொல்வார். அவருக்குச் சாத்தே வெறும் தீனி இல்லை. அதனால் மூவரில் யார் சொன்னது சரி என்று அந்த வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுட்ட இறைச்சியைக் கைவிடவும் மனம் வராமல், உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டிய மற்ற வீடுகளுக்கும் இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குச்சியில் எவ்வளவு இறைச்சி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுட்டு முடித்த பின் குச்சியை உருவிவிட்டு நிறுத்தால், சுமார் 15 கிராம். கடைக்குக் கடை கொஞ்சம் கூடும், குறையும். பத்துக் குச்சி என்றால் 150 கிராம். தட்டில் மலைபோல் தெரிந்தாலும், இரண்டு நடுத்தரத் தொடைக்கறித் துண்டுகளுக்கு மேல் இல்லை. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கெல்லாம் எளிது.

கோழியிலிருந்து தொடங்குகிறேன். தோல் நீக்கிய நெஞ்சுக்கறி வெந்த பிறகு 100 கிராமுக்கு 165 கலோரி. புரதம் 31 கிராம், கொழுப்பு நான்கு கிராமுக்கும் கீழே. ஆனால் சாத்தே கடைகளில் பெரும்பாலும் தொடைக்கறிதான் போடுவார்கள். நெஞ்சுக்கறி கரி நெருப்பில் சீக்கிரம் வறண்டு நார் நாராகிவிடும். தொடைக்கறியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 கலோரி, 26 கிராம் புரதம், 11 கிராம் கொழுப்பு. அப்படியானால் பத்துக் கோழிச் சாத்தேயில் இறைச்சியால் மட்டும் 300 கலோரியும் 39 கிராம் புரதமும் கிடைக்கின்றன. இது நல்ல உணவு. 65 வயதைத் தாண்டியவர்கள் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் சாப்பிட வேண்டும் என்று முதுமை மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். வயதாக ஆகத் தசை கரைவதுதான் காரணம். அப்பா 64 கிலோ. காலையில் இட்லி, மதியம் சோறும் சாம்பாரும் என்று ஓடும் நாள்களில் அவர் இதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. அந்தக் கண்ணால் பார்த்தால் சாத்தே சாப்பிடும் இரவு அவருடைய சாப்பாடு மற்ற நாள்களைவிட மேல்.

சரி, ஆடு? அம்மாவின் பயம் கொழுப்பைப் பற்றியது. அதில் பாதி நியாயம். "ஆட்டிறைச்சி" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்களை நாம் சாப்பிடுகிறோம். வெள்ளாட்டுக் கறி இயல்பிலேயே கொழுப்புக் குறைந்தது. வெந்த 100 கிராமில் 27 கிராம் புரதம், மூன்று கிராம்தான் கொழுப்பு. கோழித் தொடையைவிடக் குறைவு. செம்மறி அப்படியில்லை. அதன் தோள்பகுதியைக் கொழுப்போடு சேர்த்துச் சுட்டால் 100 கிராமுக்கு 20 கிராம் கொழுப்பு வரை வரும், அதிலும் நிறைவுற்ற கொழுப்பு கணிசமாக இருக்கும். சில கடைகளில் சாத்தே மிருதுவாக வர வேண்டும் என்று இரண்டு சதைத் துண்டுக்கு நடுவே ஒரு கொழுப்புத் துண்டையும் கோப்பார்கள். நெருப்பில் அது பாதி உருகி மேலேயும் கீழேயும் இருக்கும் சதையில் ஊறிவிடும். ருசிக்குக் காரணமே அதுதான், ஆனால் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் அந்த வெள்ளைத் துண்டை ஒதுக்கிவிட வேண்டும். கடைக்காரரிடம் என்ன ஆடு என்று கேட்கலாம், தவறில்லை. கேட்க முடியாவிட்டாலும் குச்சியைப் பார்த்தாலே கொழுப்புத் துண்டு தெரியும்.

ஆட்டின் பக்கம் பேச எனக்கு வலுவான ஒரு காரணமும் கிடைத்தது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு உடலில் வைட்டமின் பி12 குறையக்கூடும். இது மருத்துவ உலகில் நன்கு தெரிந்த விஷயம். அப்பாவுக்கும் சென்ற ஆண்டு ரத்தப் பரிசோதனையில் குறைவாகத்தான் இருந்தது. பாதம் மரத்துப்போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் பி12 வேண்டும். கோழி 100 கிராமில் கிடைப்பது 0.3 அளவுதான். வெள்ளாட்டில் 1 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், செம்மறியில் இரண்டைத் தாண்டும். துத்தநாகமும் இரும்பும்கூட ஆட்டில் கோழியைவிட அதிகம். அதுவும் இறைச்சியில் இருக்கும் ஹீம் இரும்பு, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும். தங்கைக்கு ஹீமோகுளோபின் எப்போதும் குறைவு. அவளுக்கு ஆட்டுச் சாத்தேதான் பொருத்தம். அப்பாவுக்குக் கூடுதல் இரும்பு தேவைப்படாது, பி12 வேண்டும். மாதம் ஒரு முறை நான்கு குச்சி சாப்பிட்டு அந்தக் குறையைத் தீர்த்துவிட முடியாது என்பதும் உண்மை. அதற்கு மருத்துவர் கொடுத்த மாத்திரைதான். ஆனால் "ஆடு உங்களுக்குக் கூடவே கூடாது" என்று சொல்லுமளவுக்கு அதில் குற்றம் இல்லை. வீட்டில் அம்மாவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் பழக்கமில்லை. சாப்பிடுகிறவர்களுக்காக ஒரு வரி: கொழுப்பு நீக்கிய துண்டுகளில் புரதமும் இரும்பும் பி12உம் ஆட்டுக்கு நிகராகவே இருக்கும். பாபாட் என்று சொல்லும் இரைப்பைச் சாத்தேயை யூரிக் அமிலத் தொல்லையும் கவுட் வாதமும் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

இவ்வளவு நேரம் இறைச்சியைப் பற்றிப் பேசினோம். வீட்டில் வழக்கு நடந்ததும் இறைச்சியைப் பற்றித்தான். ஆனால் கணக்கை எழுதி முடித்தபோது, நாங்கள் எல்லாருமே தவறான பொருளைப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறோம் என்று தோன்றியது. தட்டின் ஓரத்தில் இருந்த அந்தச் சின்னக் கிண்ணத்தை யாருமே கவனிக்கவில்லை.

குவா கச்சாங், அதாவது வேர்க்கடலைக் குழம்பு. வறுத்துக் கொரகொரப்பாக இடித்த கடலை, மிளகாய் விழுது, வெங்காயம், செராய், லெங்குவாஸ் (பேரரத்தை), புளி, சர்க்கரை, எண்ணெய். சிலர் தேங்காய்ப்பாலும் சேர்ப்பார்கள். பன்றி இறைச்சிச் சாத்தே விற்கும் ஹைனானியர் கடைகளில் மேலே அன்னாசிக் கூழும் ஊற்றித் தருவார்கள். வேர்க்கடலை 100 கிராமில் 567 கலோரி, பாதி கொழுப்பு. ஒரு கிண்ணத்தில் 30 கிராம் கடலை என்று வைத்துக்கொள்ளுங்கள், 170 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120. இரண்டு தேக்கரண்டி சர்க்கரைக்கு 30 சொச்சம். ஆக ஒரு கிண்ணம் 300 கலோரியைத் தாண்டும். பத்துக் கோழிச் சாத்தேயும் அதே 300தான்! கோழிக்கும் ஆட்டுக்கும் இருக்கும் வித்தியாசம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அப்பா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கும் பழக்கம் உள்ளவர்.

இதை எழுதும்போது கடலையைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது என்றும் எனக்குக் கவலை. வேர்க்கடலையின் கொழுப்பில் பெரும்பங்கு நிறைவுறாதது, இதயத்துக்கு நல்ல வகை. புரதமும் நார்ச்சத்தும் இருக்கின்றன. ரத்தச் சர்க்கரையை அது சட்டென்று ஏற்றுவதும் இல்லை. தொந்தரவு தருவது அதோடு சேரும் சர்க்கரை, உப்பு, பிறகு மேலே சிவப்பாக மிதக்கும் எண்ணெய். அந்த எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அடியில் இருக்கும் கடலையை எடுத்தால் சுவை போகாது, கலோரி நிறையக் குறையும். குச்சியைக் கிண்ணத்தில் முக்கி எடுப்பதற்கும் நுனியை மட்டும் தொட்டு எடுப்பதற்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு முறை செய்து பார்த்தால் தெரியும்.

இறைச்சியிலும் சர்க்கரை இருக்கிறது, மறந்துவிடக் கூடாது. சாத்தேயின் பளபளப்பும் ஓரத்துக் கருக்கலும் அதனால்தான். வீட்டில் செய்யும் முறைகளில் ஒரு கிலோ இறைச்சிக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை போடச் சொல்வார்கள். இனிப்புத் தூக்கலாக வேண்டும் என்றால் இன்னும் கூட. பத்துக் குச்சிக்குக் கணக்கிட்டால் ஒன்றரைத் தேக்கரண்டி அளவு வரும். நீரிழிவுக்காரர் இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

பிறகு கெத்துப்பாட். ஓலைக்கூட்டில் அடைத்து வேகவைத்து, இறுகிய பின் சதுரமாக வெட்டித் தரும் சோறு. இறுக்கமாக இருப்பதால் கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரிகிறது. ஆனால் அது சோறுதான்: 100 கிராமில் குறைந்தது 28 கிராம் மாவுச்சத்து. சாத்தேயைவிட அப்பாவின் சர்க்கரையை அன்று இரவு ஏற்றியது இதுதான் என்று நினைக்கிறேன். அவர் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியில், கெத்துப்பாட் தவிர்த்த இரவுக்கும் இரண்டு தட்டு சாப்பிட்ட இரவுக்கும் எண் தெளிவாக வேறுபட்டது. சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் வெளியிட்ட உணவுத் தட்டு வழிகாட்டியில் பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம். சாத்தே தட்டில் புரதக் கால் பங்கு மட்டும்தான் சரியாக இருக்கிறது. காய்கறி என்று இருப்பது வெள்ளரிக்காயும் பச்சை வெங்காயமும். அவை வெறும் அலங்காரம் இல்லை, 100 கிராம் வெள்ளரியில் 15 கலோரிதான். கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலான கடைகளில் முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.

இப்போது தங்கையின் டிக்கா. தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள் தடவி ஊறவைத்துத் தந்தூரில் சுடுவது. சர்க்கரை கிடையாது. தொட்டுக்கொள்ளப் புதினாச் சட்னி. கடலைக் குழம்போடு ஒப்பிட்டால் அதில் கலோரி ஒன்றுமில்லாத மாதிரி. சர்க்கரையையும் கொழுப்பையும் மட்டும் அளவுகோலாக வைத்தால் தங்கை ஜெயித்துவிட்டாள். ஆனால் எங்கள் வீட்டில் டிக்கா சாப்பிடப் போனால் யாரும் டிக்காவோடு நிறுத்துவதில்லை. நான் ரொட்டி வரும், மேலே வெண்ணெய் தடவி. ஒரு நான் ரொட்டி 250 கலோரிக்குக் குறையாது, அத்தனையும் மைதா. பட்டர் சிக்கனும் வந்துவிடும். சீக் கபாப் என்றால் இன்னொரு கவனம் வேண்டும்: கொத்துக்கறி குச்சியில் பிடித்து நிற்கவும் வறண்டுபோகாமல் இருக்கவும் கொழுப்பைச் சேர்த்தே அரைப்பார்கள். எலும்பில்லாத கோழி டிக்காவும் சாலட்டும் மட்டும் என்று உறுதியாக இருக்க முடிந்தால், நீரிழிவுக்காரருக்கு நான் டிக்காவைத்தான் முதலில் சொல்வேன்.

ஜப்பானிய யாகித்தோரியும் இங்கே நிறையக் கிடைக்கிறது. அதில் உப்பு மட்டும் தூவிச் சுடும் வகை, இனிப்பான சோயாச் சாறு தடவிச் சுடும் வகை என்று இரண்டு உண்டு. நீரிழிவுக்கு உப்பு வகையும், ரத்த அழுத்தத்துக்கு அளவோடும் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் குச்சியில் குத்தி விற்கும் சாசேஜையும் ஹேமையும் இவற்றோடு ஒரே வரிசையில் வைக்காதீர்கள். அவை பதப்படுத்திய இறைச்சி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்றும் சொன்னது. பிள்ளைகள் சாசேஜ் குச்சி கேட்டு அடம்பிடிக்கும்போது அதற்குப் பதில் இரண்டு கோழிச் சாத்தே வாங்கிக் கொடுப்பது உண்மையிலேயே நல்ல மாற்று.

அப்புறம், புகை. இதில்தான் பலருக்கும் குழப்பம்.

சுட்ட இறைச்சியில் இரண்டு வகைத் தீங்கான பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, கொழுப்பு கரியின்மேல் சொட்டி எழும் புகையில் இருப்பது. அந்தப் புகை திரும்பி இறைச்சிமேல் படிகிறது. இன்னொன்று இறைச்சிக்குள்ளேயே, தசையில் இருக்கும் கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் கடும் சூட்டில் சேர்ந்து உண்டாவது. முதலாவது, கொழுப்பு அதிகமுள்ள ஆட்டில் கூடும். இரண்டாவதுக்குக் கொழுப்பு தேவையில்லை. அதனால் "கோழிதானே, பயமில்லை" என்று சொல்ல முடியாது. அதிக நேரம் கருகச் சுட்ட கோழி நெஞ்சுக்கறியில் இந்த இரண்டாவது வகை மாட்டிறைச்சியைவிடக் கூடுதலாகவே காணப்பட்டிருக்கிறது. டிக்காவும் தப்பாது. தந்தூரின் சூடு கரி அடுப்பைவிடக் குறைந்ததில்லை. எண்ணெய் இல்லை என்பதால் தீங்கு இல்லை என்றாகிவிடாது என்று தங்கைக்குச் சொன்னேன்.

இந்த இடத்தில் சாத்தேக்குச் சாதகமான விஷயங்களும் இருக்கின்றன. துண்டுகள் சின்னவை, சீக்கிரம் வெந்துவிடும். நெருப்பில் நிற்கும் நேரம் குறைவு. மஞ்சள், பூண்டு, செராய் போன்றவற்றில் இறைச்சியை ஊறவைத்துச் சுட்டால் அந்த இரண்டாவது வகைப் பொருள் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அடிக்கடி திருப்பிப் போடுவதும் குறைக்கும். நல்ல கடைக்காரரின் கை நிற்பதே இல்லை, கவனித்துப் பாருங்கள்: ஒரு கையில் விசிறி, ஒரு கை குச்சிகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். இதற்கு எதிராக வேலை செய்வது சர்க்கரை. அது சீக்கிரம் கருகும். அதனால் "அதிகம் கருக்காமல் கொடுங்கள்" என்று முன்பே சொல்லிவிடுவதும், கருகிய ஓரத்தைக் கிள்ளிப் போடுவதும் எந்த இறைச்சியை வாங்கினாலும் செய்ய வேண்டியவை. கூட்டம் நெரியும் நேரத்தில் அவசரமாகக் கொழுந்துவிட்ட தீயில் சுடும் கடையை நான் தவிர்த்துவிடுவேன்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதும் முடிவில் சேர வேண்டும். ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சியை அந்தப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற இரண்டாம் பிரிவில் வைத்திருக்கிறது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. நான்கு ஆட்டுச் சாத்தே 60 கிராம்தான். அதே வாரத்தில் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பும், ஒரு கல்யாணத்தில் மட்டன் பிரியாணியும் சாப்பிட்டிருந்தால் அந்த ஞாயிறு கோழியோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. புரதம், உப்பு, கடலை எல்லாவற்றுக்குமே அவர்களுக்குத் தனி அளவு உண்டு. பலதுறை மருந்தகத்தில் உணவு நிபுணரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டிலும் ஒரு முறை செய்து பார்த்தோம். கோழித் தொடைக்கறியைச் சின்னதாக வெட்டி, சர்க்கரையை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து, மஞ்சள், கொத்தமல்லித்தூள், சீரகம், சோம்பு, செராய் அரைத்துப் போட்டு இரவு முழுக்க ஊறவைத்தோம். சுடுவதற்கு முன் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து, வழிந்த சாற்றை ஊற்றிவிட்டோம். இப்படிச் செய்தால் அடுப்பில் நிற்க வேண்டிய நேரமும் தீங்கான பொருளும் பெருமளவு குறையும். மூங்கில் குச்சிகளை முன்பே தண்ணீரில் ஊறப்போடாவிட்டால் எரிந்துவிடும், கவனம். கரியின் வாசனை வரவில்லை என்று அப்பா சொன்னது உண்மைதான். ஆனாலும் எட்டுக் குச்சி சாப்பிட்டார்.

இந்த மாதம் மறுபடி லாவ் பா சாட் போனோம். அப்பாவுக்குக் கோழி ஆறு, ஆடு நான்கு. கெத்துப்பாட் எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒரு தட்டு. வெள்ளரிக்காய் இரண்டு தட்டு. குழம்பு ஆளுக்கொரு கிண்ணம் வாங்காமல் நடுவில் ஒரே கிண்ணம் வைத்தோம். கரும்புச் சாற்றுக்குப் பதில் சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு. ஆட்டுக் குச்சியிலிருந்த கொழுப்புத் துண்டை அம்மா தானே உருவி எடுத்துவிட்டு, மீதியை அப்பாவின் தட்டில் வைத்தார். அப்பா நான்கு ஆட்டையும் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்துக்கொண்டு கோழியிலிருந்து ஆரம்பித்தார்.